உஷார்! தோட்டத்து வீடுகளை நோட்டம் விடுகிறார்கள்

அப்பா அம்மாவைத் தோட்டத்து வீட்டில் தனியாக விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் முதலில் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் வயதான தம்பதியையும் அவர்கள் மகனையும் ஒரே இரவில் கொன்றுபோட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் விளக்கேத்தியில் இன்னொரு முதிய தம்பதி. பிள்ளைகள் கூப்பிட்டும் போன் எடுக்கவில்லை என்று உறவினர்கள் போய்ப் பார்த்தபோதுதான், 2025 மே 1 அன்று விஷயம் வெளியே தெரிந்தது. அதற்குள் சில நாள் ஓடிவிட்டது. உடல்கள் அழுகிப்போயிருந்தன.

அந்த மாதமே ஆட்கள் கைதானார்கள். பல்லடம் கொலைகளும் இவர்கள் வேலைதான் என்றது போலீஸ். அது உண்மையென்றால், முதல் வழக்கிலேயே இவர்களைப் பிடித்திருந்தால் சிவகிரி தம்பதி இன்று உயிரோடு இருந்திருப்பார்கள். மனசு ஆறவே இல்லை.

இவர்களுக்குக் குறி நகைதான். பவுன் விலை 2025 ஏப்ரலிலேயே 70,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. கிழவி கழுத்தில் கிடக்கும் தாலிக்கொடி ஒன்றே இன்றைக்குப் பல லட்சம். தோட்டத்து வீட்டிலோ பக்கத்து வீடு கூப்பிடுதூரத்தில்கூட இல்லை.

நோட்டம் பார்க்கிறவன் முகமூடி போட்டுக்கொண்டு வரமாட்டான். பட்டப்பகலில் பைக்கில் வந்து வாசலில் நிற்பான். "ஆத்தா, தேங்கா போடணுங்களா? பசங்கெல்லாம் எங்கீங்க இருக்கறாங்க?" என்று பவ்யமாகக் கேட்பான். "பெரியவன் கோயமுத்தூருல, சின்னவன் ஃபாரின்லப்பா" என்று ஆத்தாவும் வெள்ளந்தியாகச் சொல்லிவிடும். குடிக்கத் தண்ணீரும் மொண்டு கொடுக்கும். வீட்டில் எத்தனை பேர், நாய் கட்டியிருக்கிறதா, பின்கதவுத் தாழ் எப்படி என்பதெல்லாம் அந்த ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே, தெரியாத ஆள் யார் கேட்டாலும் "பையன் உள்ளேதான் தூங்குறான்" என்றே சொல்லச் சொல்லுங்கள். நகையை பேங்க் லாக்கரில் வையுங்கள். வாசலிலும் மோட்டார் ரூமிலும் ராத்திரி முழுக்க லைட் எரியட்டும். வளர்ப்பு நாய் திடீரென்று செத்துக் கிடந்தால் அன்றே ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். கேமரா வைத்தால் பதிவுப் பெட்டியை வீட்டுக்குள் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். கொலைகாரன் அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். எல்லாவற்றையும்விட முக்கியம், காலையிலும் ராத்திரியிலும் குறித்த நேரத்தில் ஒரு போன். எடுக்கவில்லை என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரை உடனே அனுப்புங்கள், 100க்கோ 112க்கோ கூப்பிடுங்கள்.

கூப்பிட்டால் யார் வருவார்கள்? இதுதான் எனக்குப் பெரிய பயம். 2025 ஆகஸ்டில் உடுமலை அருகே குடிமங்கலம் பகுதியில், ஒரு தோட்டத்தில் அப்பன் மகன்களுக்குள் அடிதடி என்று தகவல் வந்து ராத்திரியில் போனவர் ஒரு சிறப்பு எஸ்.ஐ. கூட வந்தது ஜீப் ஓட்டிய ஒரு காவலர் மட்டும். அந்த எஸ்.ஐ.யை அங்கேயே வெட்டிக் கொன்றார்கள். போலீஸ்காரருக்கே இந்தக் கதி என்றால், எழுபது வயசுக் கிழவருக்கு யார் காவல்?

கிராமத்து ஸ்டேஷன் ஒன்றின் எல்லையில் எத்தனையோ ஊர்கள், சிதறிக் கிடக்கும் தோட்டங்கள். இருக்கிற கொஞ்சம் ஆட்களும் திருவிழா பந்தோபஸ்து, கோர்ட், அமைச்சர் வருகை என்று இழுபடுகிறார்கள். ராத்திரி ரோந்துக்கு மிஞ்சுவது ஒரு வண்டியும் ஓரிருவரும்தான். கொலை நடந்ததும் தனிப்படை, கூடுதல் ரோந்து என்று ஊரே அமர்க்களப்படும். பரபரப்பு அடங்கியதும் அந்த ஆட்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். இது போதவே போதாது. தோட்டத்து வீடுகளுக்கென்று நிரந்தரமாக ரோந்து ஆட்கள் வேண்டும், வண்டி வேண்டும், பந்தோபஸ்துக்கு அவர்களைத் தொடக்கூடாது. தனியாக வசிக்கும் முதியோர் பட்டியல் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருக்க வேண்டும். அந்த வீடுகளில் பட்டா புத்தகம் வைத்து, ராத்திரி வந்துபோன காவலர் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

அடுத்த கிராம சபை எப்போது என்று பாருங்கள். இதையே தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். நகலை எஸ்.பி. ஆபீசில் கொடுத்து, கையோடு ரசீது வாங்கிவிடுங்கள்.