தேம்ஸ் நதியின் திறந்த கதவு

நதியில் தடையின்றிச் செல்லும் உரிமை பெரிதா, நதிக்கரையில் குடியிருப்போரின் உயிர் பெரிதா? துறைமுகத்தையும் தலைநகரையும் ஒரே ஆற்றின் கரையில் அமைத்துக்கொண்ட ஒவ்வொரு தேசமும் என்றேனும் ஒரு நாள் இவ்வினாவுக்கு விடை கூறியே தீரவேண்டும். இங்கிலாந்து அவ்விடையைக் கூறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அவ்விடை இன்று இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், வூல்விச் என்னுமிடத்தருகே, தேம்ஸ் நதியின் குறுக்கே வெள்ளத்தடையாக நிற்கிறது. சிறு படகொன்றில் அதனைக் கடந்து செல்வோன் அனுசரிக்கவேண்டிய விதிகளை ஆராய்ந்தால், பொது நன்மைக்கும் தனி மனிதனது சுதந்திரத்திற்கும் உள்ள உறவு ஒருவாறு விளங்கும். ஆதலின் அவற்றை நம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தேம்ஸ் நதியின் கீழ்ப்பகுதி பாதி ஆறு, பாதி கடல். நகரின் மேற்கேயுள்ள டெடிங்டன் முதற்கொண்டு சுமார் 95 மைல் தூரம் அது கடலின் ஏற்ற வற்றத்திற்கு உட்பட்டது. நாள்தோறும் இருமுறை நீர் ஏறுகிறது, இருமுறை வடிகிறது. அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாட்களில் இலண்டன் பாலத்தருகே ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேற்றுமை ஆறு மீட்டருக்கு மேற்படும். காலையில் படகு மிதந்த இடத்தில் நண்பகலில் சேறு தெரியும். ஆகவே கீழ்நோக்கிச் செல்பவன் நீர் வடியத் தொடங்கும் வேளையில் புறப்படுகிறான். மேல்நோக்கி வருபவன் ஏற்றத்திற்காகக் காத்திருக்கிறான். முற்காலத்துச் சரக்குத் தோணிக்காரர்கள் நீண்ட துடுப்புகளை மட்டும் துணைக்கொண்டு, ஓதத்தின் வலிமையாலேயே பாரமான தோணிகளைத் துறைக்குத் துறை கொண்டு சேர்த்தனர். நீரோட்டத்தோடு வாதாடுபவன் தோற்பான் என்பது அவர்கள் கற்ற முதற் பாடம்.

வழக்கமான ஓதம் படகுக்குத் துணை. வழக்கம் மீறிய ஓதம் ஊருக்கே பகை. காற்றழுத்தம் தாழ்ந்து, வடதிசையிலிருந்து புயல் வீசுங்கால், வடகடலின் நீர் தெற்கு நோக்கித் தள்ளப்படுகிறது. அக்கடல் தெற்கே செல்லச் செல்லக் குறுகியும் ஆழங்குறைந்தும் இருப்பதால், போக்கிடமற்ற நீர் உயர்ந்தெழுகிறது. பௌர்ணமி ஓதமும் இதனோடு சேருமாயின் கரைகள் தாங்கமாட்டா. 1928-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தேம்ஸ் கரை உடைந்து, இலண்டன் நகரின் நடுவிலேயே 14 பேர் மாண்டனர். நிலவறைகளில் வசித்த ஏழை மக்களே பெரிதும் துன்புற்றனர். 1953-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி இரவு எழுந்த பெருவெள்ளத்தில் இங்கிலாந்துக் கரையில் 307 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் தேம்ஸ் கழிமுகத்திலுள்ள கான்வி தீவினர். ஹாலந்து தேசத்தில் மாண்டவர் 1,836 பேர்.

இனி இத்தகைய விபத்து நேராமல் தடுக்க வழி என்ன என்று ஆராய அரசாங்கம் ஒரு கமிட்டியை நியமித்தது. அதன் தலைவர் வேவர்லி பிரபு. அவர் நமக்குப் புதியவரல்லர். 1932 முதல் 1937 வரை வங்காளத்தின் கவர்னராக இருந்த ஸர் ஜான் ஆண்டர்ஸனே அவர். அப்பொழுது இலண்டன் துறைமுக அதிகார சபையின் தலைவரும் அவரே. கப்பலின் கட்சியும் கரையின் கட்சியும் ஒருவரிடமே வந்து சேர்ந்தன! 1954-ஆம் ஆண்டில் அவரது கமிட்டி, நதியின் குறுக்கே தடை அமைப்பதைப்பற்றி ஆலோசிக்கவேண்டுமென்று கூறிற்று. எனினும் காரியம் நடைபெறவில்லை.

காரணம் வெளிப்படை. அலைவீசும் நதியில் யாவரும் செல்லலாம் என்பது ஆங்கிலச் சட்டத்தில் மிகப் பழைய உரிமை. 1215-ஆம் ஆண்டின் மகாசாசனத்திலேயே தேம்ஸ் நதியின் மீன்பிடி அணைகளை அகற்றவேண்டுமென்று ஒரு விதி உண்டு. அத்தகைய நதியில் தூண்களை நிறுத்துவதெனின், பெருங்கப்பல்கள் செல்லத்தக்க அகன்ற வாய் வேண்டுமெனத் துறைமுகத்தார் வற்புறுத்தினர். அவ்வளவு அகலத்திற்குக் கதவு அமைப்பது எளிதன்று. இதனிடையே காலமே வழக்கைத் தீர்த்துவைத்தது. சரக்குக் கப்பல்கள் பருத்தன. நகரத்துக்குள் வருவதை நிறுத்திக் கழிமுகத்தையடுத்த டில்பரியை நாடின. 1967-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கப்பல் தளம் மூடப்பட்டது; மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவ்வாண்டிலேயே கணித நிபுணர் ஹெர்மன் பாண்டி, தடை இன்றியமையாதது என அறிக்கை விடுத்தார். 1972-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு சட்டம் இயற்றிற்று. 1974-இல் தொடங்கிய வேலை 1982-இல் பயனுக்கு வந்தது. 1984-ஆம் ஆண்டு மே 8-ஆம் தேதி எலிஸபெத் ராணி அதனைத் திறந்துவைத்தார். செலவு ஐம்பது கோடிப் பவுனுக்கு மேல்.

அதன் அமைப்பு போற்றத்தக்கது. நதியின் அகலம் அங்கே 520 மீட்டர். தூண்களுக்கிடையே பத்துக் கண்கள் உள்ளன. அவற்றுள் படகுகள் செல்லத்தக்கவை ஆறு. நான்கு 61 மீட்டர் அகலமும், இரண்டு 31 மீட்டர் அகலமும் உடையவை. இவ்வாறு கண்களின் கதவுகளும் சாதாரண நாட்களில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆற்றின் அடியில் கட்டிய காரைப் பள்ளத்தில் படுத்துக்கிடக்கின்றன. வேண்டும்பொழுது சுழன்று எழுந்து சுவராகின்றன. பெருங்கதவு ஒன்றின் எடை 3,000 டன்னுக்கு மேல். எழுந்து நின்றால் ஐந்து மாடி வீட்டின் உயரம். சார்லஸ் டிரேப்பர் என்னும் என்ஜினீயர், அடுப்பெரிக்கும் வாயுக் குழாயின் திருகைக் கண்டு இந்த யோசனையை அடைந்தார் என்பர்.

இனிப் படகோட்டியின் கடமையைக் கவனிப்போம். மேலே பிளாக்வாலிலிருந்து கீழே மார்கரட்நெஸ் முனைவரை உள்ள நீர்ப்பரப்பு தடையின் ஆட்சிக்கு உட்பட்டது. அவ்வெல்லையை அணுகுமுன் ரேடியோ மூலம் துறைமுகத்தாரை அழைத்து, இன்ன படகு, இன்ன திசையில் செல்கிறது என்று கூறி, எக்கண் வழியே செல்வதென அறியவேண்டும். திறந்த கண்ணில் பச்சை அம்பு ஒளிரும். மூடிய கண்ணில் சிவப்புப் பெருக்கற்குறி காட்டப்படும். பாய்மரப் படகாயினும் இயந்திரம் இருந்தால் அதன் துணையோடு செல்வதே முறை. தூணருகே ஓட்டம் சுழித்து இழுக்கும். காற்றும் திடீரென மாறும். சிவப்புக் குறியுள்ள கண்ணை அணுகவே கூடாது. பாதி எழுந்த கதவு நீர்மட்டத்திற்குச் சற்றே கீழ் மறைந்திருக்கக்கூடும். பரீட்சைக்காகக் கதவுகளை மூடும் நாட்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன, அந்நாட்களில் காத்திருக்கவேண்டியதே.

புயல் வருங்கால் தடையை மூடும் வேளையும் கவனிக்கத்தக்கது. பெருவெள்ளம் வந்தபின் மூடுவதில்லை. நீர் வற்றிய சிறிது நேரத்திற்குள், உச்ச வெள்ளம் வருவதற்குப் பல மணிக்கு முன்னரே மூடுகின்றனர். அப்பொழுதுதான் மேலிருந்து வரும் ஆற்று நீர் தங்குவதற்கு உள்ளே இடமிருக்கும். கதவுகள் அனைத்தையும் மூடச் சுமார் ஒன்றரை மணி நேரம் செல்லும். வானம் அமைதியாக இருக்கும்பொழுதே வழி அடைக்கப்படுவதைக் கண்டு படகோட்டி முணுமுணுக்கலாம். ஆனால் அவனுக்குத் தெரியாத புயல் வடகடலில் எழுந்திருக்கும்.

இவ்விதிகள் வீண் கெடுபிடி என எண்ணுவோர் இரண்டு நிகழ்ச்சிகளை நினைவு கூர்வாராக. மார்கரட்நெஸ் முனையருகில்தான் 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி, பிரின்ஸஸ் ஆலிஸ் என்னும் உல்லாசக் கப்பல் நிலக்கரிக் கப்பலொன்றுடன் மோதி மூழ்கிற்று. அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். எக்கப்பல் எப்பக்கமாகச் செல்வது என்ற குழப்பமே அவ்விபத்துக்கு முக்கிய காரணம். மற்றொன்று, 1997-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி நிகழ்ந்தது. அடர்ந்த மூடுபனியில் ஸாண்ட் கைட் என்னும் மணல்வாரிக் கப்பல் தடையின் தூணில் மோதி, 3,300 டன் சரளையைக் கொட்டி, ஒரு கதவின்மேலேயே மூழ்கிற்று. அக்கதவை உடனே எழுப்ப இயலவில்லை. அந்நாட்களில் பெரும் புயல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 125 சதுர கிலோமீட்டர் நிலமும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் காவலின்றி நின்றிருப்பர்.

பொதுக் காவல் அரசாங்கத்தின் கையில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. பொறுமையாக அனுமதி கேட்டுச் செல்லும் ஒவ்வொரு படகோட்டியும் அக்கதவின் காவலாளியே. அவ்வாறே அதிகாரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஆபத்து நீங்கியதும் வழியைத் திறந்துவிடவேண்டும். திறப்பதில் தாமதமும் மூடுவதில் அவசரமும் காட்டும் அதிகாரத்தை எந்தப் படகோட்டி மதிப்பான்? தேம்ஸ் தடை பெரும்பாலான நாட்களில் திறந்தே கிடப்பதனால்தான், அது மூடும் நாளில் மறுப்பின்றிப் பணிகின்றனர்.

ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. கடல்மட்டம் உயர்ந்துவருகிறது. தொடக்க காலத்தில் ஆண்டுக்கு ஓரிருமுறை மூடிய தடையை, 2013–14 குளிர்காலத்தில் மட்டும் 50 முறை மூட நேர்ந்தது; அவற்றுள் பெரும்பாலானவை மேலிருந்து வந்த மழைவெள்ளத்தை முன்னிட்டவை. இத்தடை 2070-ஆம் ஆண்டு வரை உதவும் என்றும், அதற்குப் பின் செய்யவேண்டியதை 2040-க்குள் முடிவுசெய்யவேண்டும் என்றும் நிபுணர் கருதுகின்றனர். 1928-ஆம் ஆண்டின் எச்சரிக்கைக்குப் பிறகும் அந்நகரத்தார் வாதிட்டுக்கொண்டிருந்தனர். 1953-இல் கடல் காத்திருக்கவில்லை. இம்முறையேனும் வெள்ளம் வருமுன் வாதம் முடியுமாக.