பொன்னும் குருதியும்

இருதயக் குழாயில் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழல் பொருத்திக்கொண்ட எங்கள் காரியாலய நண்பர் ஒருவர், "பொன்னாலேயே செய்து வைத்திருந்தால் இந்த மாத்திரைத் தொல்லை இராதே! நிறுத்திவிடலாமா?" என்று என்னைக் கேட்டார். துருவேறாத பொன்னே உகந்ததென்று நானும் எண்ணியிருந்தேன். படித்தறிந்த செய்தி வேறாயிற்று.

நம் குருதியணுக்கள் எதிர் மின்னூட்டம் உடையவை. குழாயின் உட்சுவரும் அவ்வாறே. ஆதலின் ஒன்றையொன்று விலக்கும். அமெரிக்க அறுவை மருத்துவர் பிலிப் சாயர், பேட் என்பவருடன் 1953இல் நாய்களின் இரத்தக் குழாயில் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். நேர்முனை தொட்ட இடத்தில் குருதி உறைந்தது! காயமுற்ற குழாயிலும் மின்னழுத்தம் நேராக மாறுவதைக் கண்டனர்.

பின்னர் 1967இல் சாயர், மின்வேதியியல் அறிஞர் ஸ்ரீநிவாசன் முதலியோர் உலோகங்களைச் சோதித்து வெளியிட்டனர். குருதியில் நேர் அழுத்தம் கொள்ளும் பொன், பிளாட்டினம், செம்பு ஆகியவற்றின்மேல் உறைவு படிந்தது. எதிர் அழுத்தம் கொள்ளும் மக்னீசியம், அலுமினியம் போன்றவை உறைவை எதிர்த்தன. ஆனால் மக்னீசியமோ உடலுக்குள் கரைந்துபோவது. அழியாதது உறையச் செய்கிறது, உறையவிடாதது அழிகிறது. என்ன விந்தை!

பொன் முலாம் பூசிய ஸ்டென்டையும் மருத்துவர் விட்டுவைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஜெர்மானிய ஆய்வில், அதனைப் பெற்றவர்க்குக் குழாய் மீண்டும் குறுகுதலே மிகுந்திருந்தது. அது உறைவினால் அன்று, தசை வளர்ச்சியினால்.

உறைதலுக்கு மின்னூட்டம் ஒன்றே காரணமன்று. குருதியிலுள்ள புரதங்களுக்கும் பங்குண்டு. எவ்வாறாயினும், உலோகத்தின்மேல் புதிய உட்படலம் வளர்ந்து மூடும்வரை அபாயம் மிகுதி. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகள் அதற்கே. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தினால் குழல் திடீரென அடைபட்டு உயிருக்கே இறுதியாகலாம்.

இவ்வளவையும் நண்பரிடம் கூறினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு வேலைக்குப் புறப்படுகையில் சாப்பாட்டுப் பையினுள் மாத்திரை டப்பா இருந்தது.