தொடக்க அளபுரு வழங்கி

தொடக்க அளபுரு வழங்கி என்பது, வன்தட்டு இல்லாத கணினிகள் வலையமைப்பின் வழியாக இயங்கத் தொடங்குவதற்குத் தேவையான விபரங்களை அளிக்கும் மென்பொருள் ஆகும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் சன்ஓஎஸ் இயங்குதளத்தில் இது பூட்பாரம்டி என்னும் பெயரால் அறியப்பட்டது. பின்னர் நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி முதலிய இயங்குதளங்களிலும் இடம்பெற்றது. "என் பெயர் என்ன?", "என் கோப்புகள் எங்கே உள்ளன?" என்னும் இரு வினாக்களுக்கு மட்டுமே இது விடையளிக்கிறது.

பின்னணி

1980களில் வன்தட்டுகள் விலை மிகுந்தவையாக இருந்தன. எனவே ஒரு வழங்கியில் பெரிய வன்தட்டுகளைப் பொருத்தி, அதனைப் பல பணிநிலையங்கள் பகிர்ந்துகொள்ளும் முறை பரவியது. சன் நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் வெளியிட்ட என்எஃப்எஸ் என்னும் வலையமைப்புக் கோப்பு முறைமை இதற்கு அடிப்படையாக அமைந்தது. மென்பொருளைப் புதுப்பித்தலும் காப்புநகல் எடுத்தலும் ஓரிடத்திலேயே முடிந்தன. எனினும், வன்தட்டு இல்லாத கணினி தன் பெயரைக்கூடச் சேமித்து வைக்க இயலாது. மின்னிணைப்புப் பெறும்போது அது அறிந்திருப்பது, தன் வன்பொருளில் பதிக்கப்பட்ட 48 பிட் ஈதர்நெட் முகவரியை மட்டுமே.

செயற்படும் முறை

சன் கணினிகளில் தொடக்கம் பின்வரும் படிகளில் நிகழ்ந்தது.

1. கணினி தன் ஈதர்நெட் முகவரியை வலையமைப்பு முழுவதற்கும் அறிவித்து, 1984 இல் வரையறுக்கப்பட்ட ஆர்ஏஆர்பி நெறிமுறை மூலம் தன் ஐபி முகவரியைப் பெறும்.
2. டிஎஃப்டிபி நெறிமுறை மூலம் சிறிய தொடக்க நிரலைத் தரவிறக்கும். அக்கோப்பின் பெயர், கணினியின் ஐபி முகவரியைப் பதினறும எண்களில் எழுதியதாகும்.
3. அந்நிரல் தன் ஐபி முகவரியைக் கூறித் தன் பெயரைக் கேட்கும். அளபுரு வழங்கி கணினியின் பெயர், என்ஐஎஸ் ஆள்களப் பெயர், திசைவியின் முகவரி ஆகியவற்றை அளிக்கும்.
4. பின்னர் கணினி தன் பெயரைக் கூறி மூல அடைவின் இடத்தைக் கேட்கும். கோப்பு வழங்கியின் பெயர், முகவரி, அடைவின் பாதை ஆகியன விடையாகக் கிடைக்கும்.
5. அவ்வடைவை என்எஃப்எஸ் மூலம் இணைத்து, இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றும்.

மூன்றாம் படியில் கணினிக்கு அளபுரு வழங்கியின் முகவரி தெரியாது. எனவே வினா, 111 ஆம் துறையில் இயங்கும் துறைகாட்டி நிரல்கள் அனைத்துக்கும் அனுப்பப்படும். துறைகாட்டி அதனை, 100026 என்னும் நிரல் எண்ணைக் கொண்ட அளபுரு வழங்கியிடம் சேர்க்கும்.

அளபுருக் கோப்பு

வழங்கியின் விடைகள் அனைத்தும் ஓர் எளிய உரைக் கோப்பிலிருந்து வருகின்றன. கணினி ஒன்றுக்கு ஒரு பதிவு உண்டு. குயில் என்னும் கணினியின் கோப்புகள் மயில் என்னும் வழங்கியில் இருப்பின், பதிவின் வடிவம் பின்வருமாறு அமையும்.

குயில் மூலம்=மயில்:/ஏற்றுமதி/மூலம்/குயில் இடமாற்று=மயில்:/ஏற்றுமதி/இடமாற்று/குயில்

தனக்குத் தெரியாத கணினி பெயரைக் கேட்டால் வழங்கி பிழைச்செய்தி அனுப்புவதில்லை, மௌனமாக இருந்துவிடும். ஒரே வலையமைப்பில் பல வழங்கிகள் முரண்பாடின்றி இயங்க இது உதவுகிறது. ஆனால் பதிவில் ஓர் எழுத்து பிழைத்தாலும், கணினி விடையின்றி மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கும். எனவே இக்கோப்பிலுள்ள பெயரும், ஐபி முகவரிப் பட்டியலிலுள்ள பெயரும் முற்றிலும் ஒத்திருத்தல் வேண்டும். மூல அடைவில் எழுதும் உரிமையையும் அக்கணினியின் தலைமைப் பயனருக்கு என்எஃப்எஸ் அமைப்பில் வழங்குதல் வேண்டும்.

பாதுகாப்பு

இந்நெறிமுறையில், விடையளிப்பது யார் என்பதைச் சரிபார்க்கும் வழி இல்லை. அதே வலையமைப்பிலுள்ள ஊடுருவி ஒருவர் முந்திக்கொண்டு பொய்யான மூல அடைவைக் காட்டினால், கணினி அவர் தரும் இயங்குதளத்தையே ஏற்றும். மேலும், கேட்போர் எவருக்கும் என்ஐஎஸ் ஆள்களப் பெயர் கிடைத்துவிடும். அதனைக் கொண்டு, மறையாக்கப்பட்ட கடவுச்சொற்களின் பட்டியலைப் பெற முடிந்தது. டான் ஃபார்மர், வீட்சே வெனெமா ஆகியோர் 1993 இல் எழுதிய கட்டுரை இவ்வழியைச் சுட்டிக்காட்டியது. 111 ஆம் துறையை வெளியுலகிலிருந்து தடுப்பதும், தேவையற்றபோது வழங்கியை நிறுத்தி வைப்பதும் இதற்குரிய தற்காப்புகளாகும்.

பிற்கால நிலை

1985 இல் வரையறுக்கப்பட்ட பூட்பி நெறிமுறையும், 1993 இல் அதிலிருந்து விரிவாக்கப்பட்ட டிஎச்சிபியும் முகவரி, பெயர், கோப்பின் இடம் ஆகியவற்றை ஒரே விடையில் அளித்தன. 1990களின் இறுதியில் இன்டெல் நிறுவனம் வரையறுத்த பிஎக்ஸ்இ, டிஎச்சிபியையே பயன்படுத்தியது. இதனால் தொடக்க அளபுரு வழங்கியின் தேவை குறைந்தது. சொலாரிசை வலையமைப்பு வழியாக நிறுவும் ஜம்ப்ஸ்டார்ட் முறையில் இது தொடர்ந்து பயன்பட்டது. 2011 இல் வெளியான சொலாரிஸ் 11 அம்முறையைக் கைவிட்டது. எனினும் விடையளிப்பவரை நம்பும் சிக்கல் டிஎச்சிபியிலும் நீடிக்கிறது. தரவிறக்கும் நிரலின் எண்ணிமக் கையொப்பத்தைச் சரிபார்த்தல் அதற்கான தீர்வுகளுள் ஒன்றாகும்.