கால் மிதிக்கும், டயர் நிறுத்தும்

கரிவலம்வந்தநல்லூரில் பால்வண்ணநாதரைக் கும்பிட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறோம். எதிரே ஒரு பழைய அம்பாசடர். "இதுல பெரிய எஞ்சின் மாட்டினா எப்படி இருக்கும்?" என்று யாருக்கும் தோன்றும். டீ ஆறுவதற்குள் அதைப் பார்த்துவிடலாம்.

நம் அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சின் வெகுகாலம் 1489 சி.சி.தான். 1990-களில் கம்பெனியே 1.8 லிட்டர் இசுஸு எஞ்சினையும், அதற்கேற்ற ஐந்து கியர் பெட்டியையும் வைத்தது. பெட்ரோல் காரில் டீசல் எஞ்சின் ஏற்றிய பட்டறைகளும் உண்டு. அமெரிக்காவில் பழைய காரில் 7.4 லிட்டர் செவர்லே எஞ்சினையே இறக்குகிறார்கள். அம்பாசடர் எஞ்சினைப் போல ஐந்து மடங்கு!

சரி, ஓடுகிறது. எப்படி நிற்கும்? பிரேக் பெடல் அடிபம்பின் கைப்பிடி மாதிரி. நாம் 30 கிலோ அழுத்தினால், ஆறு மடங்கு நெம்புகோல் அதை 180 கிலோவாக்கி மாஸ்டர் சிலிண்டரில் தள்ளும். அங்கிருந்து பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய், லைனர் என்ற உரசு பட்டையைச் சக்கரத்தோடு சுழலும் டிரம்மில் உரச வைக்கும். வேறு எந்த உதவியும் இல்லாத இந்த ஏற்பாடுதான் மேனுவல் பிரேக். அம்பாசடர் முதலில் இப்படித்தான் வந்தது.

பின்னால் வந்த வண்டிகளில் பெடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பானை மூடி அகலத்தில் ஒரு தகர டப்பா இருக்கும். அதுதான் சர்வோ, அதாவது பூஸ்டர். இளநீரை ஸ்ட்ராவால் உறிஞ்சும்போது கன்னம் ஒட்டுகிறதல்லவா? அதே உறிஞ்சலை எஞ்சினிலிருந்து வாங்கி, அது காலோடு சேர்ந்து தள்ளும். வண்டியை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், கல்லாகிவிடும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் மெல்ல இறங்கும். சர்வோ விழித்துக்கொண்டது என்று அர்த்தம்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இங்கேதான். 'சர்வோ வச்சா வண்டி சீக்கிரம் நிக்கும்' என்று நினைக்கிறோம். சர்வோ காலின் பாரத்தைத்தான் குறைக்கிறது. வண்டியை நிறுத்துவது லைனரின் உரசலும், தார் ரோட்டில் டயரின் பிடிப்பும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் அளவுக்குக் காலாலேயே மிதிக்க முடிந்தால், சர்வோ தருவதற்கு மேலே ஒன்றுமில்லை.

பெரிய எஞ்சின் வைப்பவர்களில் சிலர் மேனுவல் பிரேக்குக்கே திரும்புவதற்கும் காரணம் உண்டு. பந்தயத்துக்கென்று மாற்றிய எஞ்சின் சும்மா ஓடும்போது உறிஞ்சல் போதாது. எஞ்சினே இடத்தை அடைத்துக்கொண்டால் சர்வோ டப்பாவை வைக்கவும் முடியாது. டீசலில் வேறு கதை: பெட்ரோல் எஞ்சினில் காற்றை அடைத்து உறிஞ்சலை உண்டாக்கும் கதவு அதில் இல்லை, சர்வோ வேண்டுமென்றால் தனியாக வேக்கூம் பம்பு வேண்டும். மேனுவலுக்கு மாறுபவர்கள் ஒல்லியான மாஸ்டர் சிலிண்டர் போடுவார்கள். ஒல்லி ஊசிக்குழாய் போல, குறைந்த பலத்தில் அதிக அழுத்தம் கிடைக்கும்; பெடல் மட்டும் கூடுதல் தூரம் போகும்.

ஆனால் பெரிய எஞ்சின் வேகத்தைக் கூட்டுகிறது. 40-லிருந்து 80-க்குப் போனால் வேகம் இரண்டு மடங்கு. நிறுத்தும்போது டிரம் வாங்கும் சூடோ நான்கு மடங்கு. எடையும் ஏறினால் இன்னும் கூடும். சூடேறிய லைனருக்குப் பிடிப்பு குறையும். சர்வோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் சூடு ஒன்றுதான். அதைத் தாங்க டிரம்மை டிஸ்க்காக மாற்றுவது, நல்ல லைனர், நல்ல டயர் என்றுதான் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரித்தவர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே ஆசை வந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். அடுத்து, எஞ்சினைத் தேடிப் போகும் முன் நாலு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள்.