பிரசவம் மருத்துவமனையில், சீம்பால் எங்கே?

புதுதில்லி: நாட்டில் நடைபெறும் பத்துப் பிரசவங்களில் ஏறத்தாழ ஒன்பது மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. ஆனால், பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகளோ பத்தில் நான்கு மட்டுமே. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு வெளிப்படுத்திய இந்த முரண்பாடு, தாய் சேய் நலத் திட்டங்கள் எந்த இடத்தில் தடுமாறி நிற்கின்றன என்பதைக் காட்டுகிறது.

2015-16இல் நடந்த நான்காவது ஆய்வில் 78.9 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள், ஐந்தாவது ஆய்வில் 88.6 சதவீதமாக உயர்ந்தன. கர்ப்பிணிகளை மருத்துவமனைக்கு வரவழைக்க 2005இல் தொடங்கப்பட்ட ஜனனி சுரக்ஷா யோஜனா திட்டத்திற்கு இதில் பெரும் பங்குண்டு. அதே இடைவெளியில், முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளின் விகிதம் 41.6லிருந்து 41.8 சதவீதத்திற்கே நகர்ந்தது. உத்தரப்பிரதேசத்தில் மருத்துவமனைப் பிரசவங்கள் 67.8லிருந்து 83.4 சதவீதமாகப் பெருகியபோது, இந்த விகிதம் 25.2லிருந்து 23.9 சதவீதமாகச் சரிந்தது.

தாய் தரும் கவசம்

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயின் உடலில் உள்ள நோய் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவை அதிக அளவில் சென்றடைகின்றன. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் எளிதில் நோய்த்தொற்றுக்கு ஆளாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், எல்லா வகை எதிர்ப்பொருளும் நஞ்சுக்கொடியைக் கடந்து விடுவதில்லை. குடலிலும் மூச்சுப்பாதையிலும் கிருமிகள் ஒட்டாமல் காக்கும் 'ஐஜிஏ' வகை எதிர்ப்பொருள், பிரசவத்திற்குப் பின் முதலில் சுரக்கும் சீம்பாலில் செறிந்திருக்கிறது. தாய்ப்பாலில் உள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருள்கள், குழந்தையின் குடலில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களை வளர்க்கின்றன. எந்தப் பால்மாவும் தாயின் எதிர்ப்பொருள்களைத் தருவதில்லை.

ஒவ்வாமையைப் பொறுத்தவரை மிகைப்படுத்தாமல் பேச வேண்டியிருக்கிறது. தாய்ப்பால் எல்லா ஒவ்வாமைகளையும் தடுத்துவிடும் என்பதற்குச் சான்றில்லை. முதல் மூன்று நான்கு மாதங்கள் தாய்ப்பால் மட்டும் பெறும் குழந்தைகளுக்குக் கரப்பான் முதலான தோல் ஒவ்வாமைகள் வரும் வாய்ப்பு குறைகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ ஒவ்வாமைக்கு அஞ்சி முட்டை, நிலக்கடலை, பால் போன்றவற்றைத் தவிர்ப்பதால் குழந்தைக்குப் பயனில்லை என்பதும் அதன் முடிவு. கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினர் ரத்தசோகையுற்றவர்கள் என்று கண்டறியப்பட்ட நாட்டில், ஆதாரமற்ற பத்தியம் எத்தகைய தீங்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரசவ அறையில்

மருத்துவமனைக்கு வந்த தாயின் குழந்தைக்கும் சீம்பால் கிடைக்காமல் போவது ஏன்? வட மாநிலங்களில் பிறந்த குழந்தையின் நாவில் தேனோ வெல்லநீரோ வைக்கும் வழக்கம் நீடிக்கிறது. நம் ஊர்களில் சேனை வைப்பதும் இதைப் போன்றதே. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது ஆபத்து என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

ஆனால், வழக்கத்தின் மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது. நாட்டின் பிரசவங்களில் 21.5 சதவீதம் சிசேரியன்; அரசு மருத்துவமனைகளில் 14.3 சதவீதமாக உள்ள இது, தனியார் மருத்துவமனைகளில் 47.4 சதவீதம். தமிழ்நாட்டில் அரசு, தனியார் இரண்டும் சேர்த்தே 44.9 சதவீதம். தேவையான இடத்தில் சிசேரியன் உயிர்காக்கும் சிகிச்சை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அறுவைக்குப் பின் தாயையும் சேயையும் பிரித்து வைக்கும் நடைமுறையால் பாலூட்டல் தள்ளிப்போகிறது. அருகிலிருந்து உதவ ஒரு செவிலியர் இருந்தால், சிசேரியனுக்குப் பின்னும் விரைவிலேயே பாலூட்டத் தொடங்க முடியும். ஒரே செவிலியர் பல தாய்மார்களைக் கவனிக்கும் பிரசவ விடுதியில் அது எப்படிச் சாத்தியமாகும்?

அந்த இடைவெளியில்தான் பால்மாவு நுழைகிறது. பால்மாவு, பாலூட்டும் புட்டிகள், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உணவுகள் ஆகியவற்றுக்கு விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் தடை செய்கின்றன. மருத்துவ ஊழியர்களுக்கு நிறுவனங்கள் பரிசளிப்பதும் குற்றமே. உலகின் கடுமையான சட்டங்களுள் ஒன்றாகக் கருதப்படும் இச்சட்டம், விளம்பரத் தடையை மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு வகை செய்தது. ஆனால், 1992இல் அது வகுத்த அபராதத்தின் உச்சவரம்பு 5,000 ரூபாய் மட்டுமே. பெரும் நிறுவனங்களுக்கு இத்தொகை ஒரு பொருட்டே அல்ல.

விடுப்பு யாருக்கு?

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என உலக சுகாதார நிறுவனமும் அரசும் வலியுறுத்துகின்றன. இதில் ஆறுதலான முன்னேற்றம் உண்டு. அவ்வாறு வளரும் குழந்தைகளின் விகிதம் 54.9லிருந்து 63.7 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. எஞ்சியோரை எட்ட அறிவுரை மட்டும் போதாது. 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. ஆனால் அதன் பலன் அமைப்புசார்ந்த துறையில் பணியாற்றும் சிறுபான்மைப் பெண்களுக்கே கிட்டுகிறது. வயலிலும் செங்கல் சூளையிலும் கட்டுமானத் தளத்திலும் உழைக்கும் தாய், சில வாரங்களில் வேலைக்குத் திரும்ப வேண்டியவளாகிறாள்.

அவளுக்காகத்தான் 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவித்தொகையை உரிமையாக்கியது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய இவ்வுரிமை, 2017இல் வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா யோஜனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயாகச் சுருங்கியது. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 ரூபாய் என்னும் விரிவாக்கம் 2022இல்தான் வந்தது. இரண்டாவது ஆண் குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் தேவையில்லையா என்ற கேள்விக்கு இத்திட்டத்தில் விடையில்லை. 2013இல் நிர்ணயித்த தொகை, விலைவாசி உயர்வுக்கேற்பத் திருத்தப்படவும் இல்லை.

தாய்மார்களின் வீடு தேடிச் சென்று ஆலோசனை சொல்லும் ஆஷா, அங்கன்வாடி ஊழியர்கள் மதிப்பூதியத்திலேயே காலம் தள்ளுகின்றனர். பிரசவ அறையில் போதிய செவிலியர், பால்மாவுச் சட்டத்தைக் கண்டிப்புடன் செயல்படுத்தல், விலைவாசிக்கேற்ற உதவித்தொகை ஆகிய மூன்றுமே அரசின் கையில் உள்ளவை. சீம்பாலுக்கு விலையில்லை. அதைக் குழந்தைக்குக் கிடைக்கச் செய்வதற்குத்தான் நிதி ஒதுக்கீடும் அரசியல் உறுதியும் தேவைப்படுகின்றன.