ஆவுளியாவின் கனத்த விலா

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்புக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல் கட்டிய கயிற்றில் காலைக் கோத்துக்கொண்டுதான் அடிக்கு இறங்கினார்கள். மூச்சை அடக்கியவரைத் தண்ணீர் மேலே தள்ளும்; கல் கீழே இழுக்கும். இதே கடலில் கடற்புல் மேயும் ஆவுளியாவுக்கு அந்தக் கல் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

கடற்பசு என்றும் அழைக்கப்படும் இந்தப் பாலூட்டி 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் வரை வளரும். அதன் விலா எலும்பைக் குறுக்கே அறுத்தால் நடுவில் மச்சைக்குழி இராது. ஓரத்திலிருந்து மையம்வரை ஒரே கெட்டி.

எலும்பு ஓயாமல் கட்டப்பட்டு, ஓயாமல் உடைக்கப்படும் உயிருள்ள திசு. கட்டும் கலங்கள் முதலில் கொலாஜன் இழைகளை விரிக்கும். அவற்றின்மேல் கல்சியமும் பொஸ்பேற்றும் படிகமாகப் படியும். கட்டியவற்றுள் சில அந்தச் சுவருக்குள்ளேயே புதைந்துவிடும். வளர்ந்த எலும்பில் இருக்கும் கலங்களில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படிப் புதைந்தவைதான். நுண்ணிய கால்வாய்கள் வழியே தம் கிளைகளை நீட்டி, எலும்பின்மேல் விழும் பாரத்தை அவை உணரும். உடைக்கும் கலங்கள் வேறு வம்சம்: இரத்தக் கலங்களின் வழிவந்தவை, பல கருக்கள் கொண்டவை. எலும்பின் மேல் ஒட்டி, அமிலம் சுரந்து கனிமத்தைக் கரைத்து, நொதியங்களால் கொலாஜனை அறுக்கும். எப்போது உடைப்பது என்பதை அவை தாமாகத் தீர்மானிப்பதில்லை. புதைந்த கலங்களும் கட்டும் கலங்களும் அனுப்பும் புரதச் சமிக்ஞைதான் அவற்றை எழுப்புகிறது.

கருவில் விலா முதலில் குருத்தெலும்பாகவே உருவாகும். மற்றப் பாலூட்டிகளில் உடைக்கும் கலங்கள் அதன் நடுவைக் குடைந்து மச்சைக்கு இடம் செய்கின்றன. ஆவுளியாவின் விலாவில் அந்தக் குடைவு நடப்பதில்லை என்றே சொல்லலாம். கல்சியம் ஏறிய குருத்தெலும்பு உள்ளே தங்கிவிடுகிறது, புது எலும்பு அதன்மேல் சேர்ந்துகொண்டே போகிறது. இந்தக் கனத்தில் ஒரு பங்கு, உடைக்காமல் விட்டதால் வந்தது.

மனிதரில் இதுவே நோய். உடைக்கும் கலங்கள் செயலிழந்து பிறக்கும் குழந்தைக்கு எலும்பு பளிங்காய் இறுகி, மச்சைக்கு இடமின்றி இரத்தச்சோகை வரும். ஆவுளியாவின் உறவினமான மனாட்டியோ முள்ளெலும்பிலும் மார்பெலும்பிலும் இரத்தத்தை உருவாக்கிச் சமாளிக்கிறது.

இன்னொன்று எண்ணிப் பார்க்கத்தக்கது. விண்வெளியில் மிதப்பவரின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் கரைகிறது. பாரம் இல்லையென்று கலங்கள் அதைக் குறைக்கின்றன. ஆயுள் முழுதும் மிதக்கும் ஆவுளியாவில் அந்தக் கணக்குச் செல்லுபடியாகவில்லை. ஜமெய்க்காவில் கிடைத்த, சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான அதன் மூதாதை இனமான பெசோசைரனுக்கு நடக்க நான்கு கால்கள் இருந்தன. விலா அப்போதே கனத்திருந்தது.

கெட்டியான எலும்பு அடி தாங்கும் என்பதும் இல்லை. வளைந்துகொடுக்காமல் நொறுங்கும். கடற்புல் திட்டுகளின் மேல் இயந்திரப் படகுகள் வேகம் குறைக்க வேண்டும் என்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்: புளோரிடாவில் படகு மோதிய மனாட்டிகள் பலவற்றில், முறிந்த விலா நுரையீரலையே கிழித்திருந்தது.