மேலே வந்து மூச்செடுக்கும் மீன்

கண்டிக்கு அருகே, குண்டசாலையில், தை மாத விடியலில் நாம் மகாவலியைக் காண்பதில்லை. அதன்மேல் படுத்திருக்கும் பனிமூட்டத்தைத்தான் காண்கிறோம். ஆறு எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் மூட்டமும் வளைந்து, தென்னைகளின் இடுப்பளவுக்கு எழுந்து, வெயில் ஏறும்வரை அசையாமல் நிற்கிறது.

அந்த வேளையில், ஜன்னல் திறக்காத முன்னறையில், மேசைமேல் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்குள் சுண்டுவிரல் நீளமான நீல மீன் ஒன்று விழித்துக்கொள்கிறது. இலைமேல் சாய்ந்திருந்த உடல் மெல்ல நிமிர்கிறது. முந்தானைபோலச் சரிந்துகிடந்த வால் விரிகிறது. நேரே மேலே வந்து, நீர்ப்பரப்பை வாயால் தொட்டு, ஒரு மிடறு காற்றை எடுத்துக்கொள்கிறது. செவுள் மூடியின் ஓரமாகக் கடுகளவு குமிழி ஒன்று நழுவிப் போகிறது. மீன் மீண்டும் இறங்குகிறது.

அது எடுத்தது நம் காற்று. சற்றுமுன் நாம் மூச்சுவிட்ட அதே அறையின் காற்று.

கடைகளில் இதை ‘பைட்டர்’ என்பார்கள், புத்தகங்களில் பெட்டா. தாய்லாந்தின் வயல்களும் சதுப்புகளும் இதன் தாய்வீடு. 1910 இல் ரீகன் என்ற பிரித்தானிய மீனியல் அறிஞர் இதற்கு பெட்டா ஸ்பிளெண்டென்ஸ் என்று பெயரிட்டார். ‘ஸ்பிளெண்டென்ஸ்’ என்றால் ஒளிர்வது. 2019 இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. சயாம் எனப்பட்ட அந்த நாட்டிலிருந்து விருந்து வருவது கண்டிக்குப் புதிதல்ல. 1753 இல், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆண்ட காலத்தில், உபாலி தேரர் அங்கிருந்து கடல் கடந்து இந்த மலைநகருக்கு வந்தார். அற்றுப்போயிருந்த உபசம்பதா என்னும் பௌத்தத் துறவேற்பு மரபு அவரால் இங்கே மறுபடி துளிர்த்தது. இந்தச் சின்ன விருந்தாளியும் அதே நாட்டிலிருந்துதான் வருகிறது.

இதன் தாய்வீடான வயல்நீரை ஒருகணம் நினைத்துப் பார்ப்போம். உச்சிவெயிலில் அது கொதிப்படைகிறது. அழுகும் வைக்கோலும் சேறும் அதிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடுகின்றன. செவுளை மட்டும் நம்பிய மீன் அங்கே திணறிப்போகும். பெட்டாவுக்கோ, செவுளுக்கு மேலே, தலையின் இருபுறமும், ஒவ்வொரு சிற்றறை அருளப்பட்டிருக்கிறது. அதற்குள் மெல்லிய எலும்புத் தகடுகள் ரோஜா மொட்டின் இதழ்களாய் மடிந்து மடிந்து கிடக்கின்றன; அவற்றின் மேல் இரத்த நாளங்கள் பின்னிய மென்தோல். வாயால் எடுத்த காற்று அந்த மடிப்புகளுக்குள் தங்கி, உயிரை இரத்தத்துக்குக் கொடுத்துவிட்டுச் செவுள் வழியே வெளியேறுகிறது. இந்தச் சின்னத் தலைக்குள் இத்தனை மடிப்பை வைத்த கையை என்னவென்று வணங்குவது! லேபிரிந்த் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்: வழி தெரியாமல் சுற்றவைக்கும் புதிர்க்கோட்டை. நம் அறிவு அதன் வாசலில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

இந்த மடிப்பறை கொண்ட மீன்குலம் நமக்கும் அந்நியமல்ல. தரங்கம்பாடியில் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தின் வெடிப்பில் ஏறிக்கொண்டிருந்த மீனொன்றைக் கண்டு எழுதியது 1797 இல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் அச்சானது. ஐரோப்பா வியந்த அந்த மீனைத் தமிழ்க் கிராமங்கள் பனையேறிக் கெண்டை என்று அழைக்கின்றன. அதற்கும் தலைக்குள் இதே மடிப்பறைதான். இலங்கையின் ஈரவலய ஓடைகளில் மட்டுமே வாழும் பெலோன்ஷியா சிக்னாட்டாவும் இதே கூட்டத்து உறவு. மழைக்குப் பின் ஓடையோரம் மேலெழுந்து ஒரு கணம் மின்னி மறையும் மீனை எத்தனை முறை பார்த்தும் பாராமல் கடந்திருக்கிறோம்!

காற்றை உண்ணும் இந்த வரமே அதற்குச் சாபமாகவும் ஆகிவிட்டது. எதிலும் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லி, இதைக் கோப்பையிலும் போத்தலிலும் அடைக்கிறோம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு சிவப்புப் பைட்டர் எங்கள் வீட்டு ஜாம் போத்தலில் இருந்தது. அது டிசம்பர் மாதம். ஒவ்வொரு நாளும் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியதை, வெயில் படாததால் என்று நினைத்தேன். ஒருநாள் காலை அது போத்தலின் அடியில் பக்கவாட்டில் கிடந்தது. குளிரும் அதன் சொந்தக் கழிவும் சேர்ந்துதான் அதைக் கொன்றன என்று அறிய எனக்கு இருபது வருடம் பிடித்தது. அந்தச் சிவப்பு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

ஆகவே முதல்முறையாக இந்த மீனை வீட்டுக்கு அழைக்க விரும்புகிறவர்கள், மீனை வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் 20 லீற்றருக்குக் குறையாத தொட்டி. அது உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பது நல்லது. நீண்ட செட்டைகளைச் சுமந்துகொண்டு மூச்சுக்காக ஓயாமல் ஏறி இறங்கும் உயிருக்கு ஆழம் ஒரு பாரம். அடியில் கழுவிய மணல். மெல்லக் குமிழ்விடும் ஸ்பொஞ்ச் வடிகட்டி. வேகமான நீரோட்டம் மீனைச் சோர்வடையச் செய்யும். குழாய்த் தண்ணீரென்றால் குளோரினை நீக்கும் திரவம் சில துளிகள்.

பிறகு, மீனே இல்லாத அந்தத் தொட்டியில், தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைத் தூவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உணவு அழுகி அமோனியாவாகிறது. மீனின் செவுளிலிருந்து நாளெல்லாம் கசிவதும் இதே நஞ்சுதான். எங்கிருந்தோ, காற்றிலும் தூசியிலும் இலையிலும் ஏறி, கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் அந்த ஸ்பொஞ்சின் துளைகளில் குடியேறுகின்றன. ஒரு கூட்டம் அமோனியாவை உண்டு நைத்திரைற்றாக்குகிறது, அதுவும் நஞ்சே. இன்னொரு கூட்டம் அந்த நஞ்சை உண்டு, மீனால் தாங்கக்கூடிய நைத்திரேற்றாக்குகிறது. அதைச் செடிகளின் வேர்கள் வாங்கிக்கொள்கின்றன. வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1890 அளவில் இந்த உயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டும்வரை, காலடியில் நடக்கும் இந்த வேள்வியைச் செய்பவர் யாரென்று மனிதருக்குத் தெரியாது. குண்டசாலை விவசாயப் பாடசாலையின் பாத்திகளிலும், மகாவலியின் சேற்றிலும், நாம் உண்ணும் சோறு விளைந்த வயலிலும் இதே தொழில் இரவும் பகலும் நடக்கிறது. மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள உயிர்களின் முதுகில் உலகத்தின் பசுமையே நிற்கிறது. அந்தப் பெரும் ஒழுங்கின் ஒரு துளியைத்தான் நாம் நம் மேசைமேல் ஏற்றிவைத்திருக்கிறோம்.

இதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் ஆகும். ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பொஞ்ச் கிடைத்தால் விரைவாகும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், “மீன் எப்ப வரும்?” என்ற கேள்வி தினமும் வரும். தொட்டி நீரைச் சோதிக்கும் குழாயை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. அமோனியாவைக் காட்டும் பச்சை நாளுக்கு நாள் மங்கி, ஒரு காலையில் தெளிந்த மஞ்சளாக நிற்கும். நைத்திரைற்றும் இல்லாமற்போகும்வரை பொறுக்க வேண்டும். காணாத உயிருக்காகக் காத்திருக்கப் பிள்ளைகளுக்கு வேறு எங்கே சொல்லிக்கொடுக்கிறோம்? பின்னாளில் அந்த ஸ்பொஞ்சைக் குழாய்க்கடியில் பிடித்துக் கழுவிவிடக் கூடாது. குளோரின் அந்தப் பற்றீரியாக்கள் அவ்வளவு பேரையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெதுவாகப் பிழிந்தால் போதும்.

கடற்கரை ஊர்களில் பெட்டாவுக்கு ஹீற்றர் தேவைப்படாமல் போகலாம். நமக்குத் தேவை. கண்டிப் பகுதியில் தை மாத இரவுகள் 18 பாகை அளவுக்கு இறங்குகின்றன. இந்த மீனுக்கு இதமானது 25 முதல் 27 பாகை. சிறிய ஹீற்றரும் ஒரு வெப்பமானியும் அந்த இடைவெளியை நிரப்பும். அதைவிட எளிதான ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மூடி. நீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி விட்டால், அங்கே வெதுவெதுப்பான ஈரக்காற்று தங்கும். பனிக்காலையில் மீன் எடுக்கும் மிடறு அந்தக் காற்றாக இருக்க வேண்டும். அதன் வீடு தண்ணீரோடு முடிவதில்லை. தண்ணீருக்கு மேலுள்ள அந்த வெறுமையும் அதன் வீடுதான்.

செடிக்கு நாம் எங்கும் அலைய வேண்டாம். உலகெங்கும் மீன் வளர்ப்போர் விரும்பி நடும் கிரிப்டோகொரைன் வென்டி என்ற செடி இலங்கை ஓடைகளுக்கே உரியது. ஆனால் ஓடையிலிருந்து பிடுங்க வேண்டாம். நாற்றுமேடையில் வளர்ந்ததை வாங்குவோம். நட்ட சில நாளில் அதன் இலைகள் கரைந்துபோகும். செத்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். மண்ணுக்குள் வேர் புதிய நீரைப் பழகிக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று கிழமையில், சுருட்டிய ஓலைபோல ஒரு பழுப்புத் தளிர் வெளிவரும். முற்றத்தில் விழுந்து காய்ந்த கொட்டம்பா இலை ஒன்றையும் கழுவிப் போடலாம். நீர் பிளேன்டீயின் இளநிறம் கொள்ளும். அந்த நிறம் பெட்டாவுக்குத் தாய்வீட்டு நிறம்.

ஒரு தொட்டியில் ஓர் ஆண் மட்டும். இரண்டு ஆண்களைச் சேர்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பது பாவம். தொட்டி அலுத்துவிட்டால் மீனை மகாவலியில் கொண்டுபோய் விடுவதும் பாவமே. அந்த ஆறு வேறு மீன்களின் வீடு.

எங்கள் நீல மீன் வந்து பதினொரு நாள் கழித்து, கொட்டம்பா இலையின் அடியில் நுரை ஒன்று கண்டோம். முதலில் அழுக்கென்று நினைத்தோம். குனிந்து பார்த்தால், ஒவ்வொன்றும் கடுகளவான நூற்றுக்கணக்கான குமிழிகள், ஒன்றையொன்று பற்றிக்கொண்டு. ஆண் பெட்டா காற்றை விழுங்கி, வாய்நீரில் பொதிந்து, ஒவ்வொரு குமிழியாக ஊதிக் கட்டும் தொட்டில் அது. பெண் இட்ட முட்டைகள் கீழே விழும்போது தந்தைதான் வாயில் ஏந்தி அந்த நுரைக்குள் வைக்கும். ஒன்றிரண்டு நாளில் குஞ்சுகள் வால் கீழாகத் தொங்கும். நழுவி விழும் ஒவ்வொன்றையும் தந்தை தேடி எடுத்துவந்து மறுபடி பொருத்தும்.

எங்கள் தொட்டியில் பெண் இல்லை, முட்டையும் இல்லை. இருந்தும் அது கட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு குமிழி உடைந்தது. மீன் மேலே வந்தது. நம் அறையின் காற்றில் ஒரு மிடறு எடுத்தது. உடைந்த இடத்துக்குப் போய் மெல்ல ஊதியது. வெளியே, மகாவலியின் மேலிருந்த மூட்டம் இன்னும் கலையவில்லை. நாங்கள் மூடியைத் திறக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.